பத்தாவது தட்டு

எங்கள் மாலை வகுப்பில் பத்மாசனி டீச்சர் ஒரு விதி வைத்திருக்கிறார். தினமும் தமிழில் பத்து வரி எழுத வேண்டும். பகலில் நாங்கள் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். தமிழ் எழுத்து மறந்துவிடக் கூடாது என்றுதான் இந்தப் பத்து வரி.

எனக்குப் பத்து வரி போதாது. நடந்ததை எல்லாம் நேரம் போட்டு, கட்டம் கட்டி எழுதுவேன். எழுதி முடித்ததும் எழுதியது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். முதலிலிருந்து சரிபார்ப்பேன். சரிபார்த்தது சரியா என்று அடுத்த சந்தேகம் வரும்.

என் பெயர் ரூபா. வயது பதினொன்று. அதாவது, பதினொன்று ஆக இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

திருப்பதியில், பைராகிப்பட்டெடாவில், ஒரு மூன்று மாடி வீடு. அதில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் நாங்கள் இருக்கிறோம். நைனா, அதாவது என் அப்பா, கார் ஓட்டுகிறார். அம்மா மாடிகளில் தங்க வருகிறவர்களுக்குச் சமைக்கிறார்.

இந்தத் தசரா விடுமுறையில் மூன்று மாடிகளுக்கும் மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. மூன்றும் நம் பக்கத்துக் குழந்தைகளைத் தத்து எடுத்துக்கொண்டவை. குழந்தைக்கு பாஸ்போர்ட் வரும்வரை அவர்கள் இங்கேதான் இருக்க வேண்டும்.

முதல் மாடியில் இத்தாலியிலிருந்து வந்த லூச்சியா ஆன்ட்டி, பாவ்லோ அங்கிள். அவர்களுடைய குழந்தை கன்னிகா. ஐந்து வயது. சித்தூரில் ஒரு குழந்தைகள் விடுதியிலிருந்து வந்தவள்.

இரண்டாவது மாடியில் ஸ்வீடனிலிருந்து வந்த இங்ரிட் ஆன்ட்டி, லார்ஸ் அங்கிள். அவர்களுடைய பையன் பவன்குமார். ஏழு வயது. லார்ஸ் அங்கிள் ஆறரை அடி உயரம். எங்கள் வாசல் நிலையில் இதுவரை ஒன்பது முறை தலையை இடித்துக்கொண்டிருக்கிறார். பத்தாகவும் இருக்கலாம். ஒரு முறை நான் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாவது மாடியில் விஷ்ணுவர்தன் அங்கிள், வேதா ஆன்ட்டி, எட்டு மாதக் குழந்தை ஒன்று. இவர்கள் பெயர்தான் நம் ஊர்ப் பெயர். தாத்தா காலத்தில் கோயில் தெருவில் இருந்த குடும்பமாம். ஆனால் இவர்கள் பிறந்து வளர்ந்தது கனடாவில். நன்றாகத் தமிழ் பேசுவார்கள். ஆனால் அம்மா மிளகாய் கிள்ளுவதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே வேதா ஆன்ட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

கன்னிகா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அதிகம் பேச மாட்டாள். புது அம்மாவையும் புது அப்பாவையும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். பாவ்லோ அங்கிளின் சட்டை மூன்றே நாளில் ஒரு பக்கம் நீளமாகிவிட்டது.

ஆனால் நன்றாகச் சாப்பிட்டாள். என் நோட்டில் இருக்கிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், நான்கு நாளும் மூன்று வேளையும் ‘நன்றாக’ என்று எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பாவ்லோ அங்கிளுக்குக் கடுமையான காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார்கள். கொசு கடித்து வருவது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ‘எட்டு நாளாவது இருக்க வேண்டும், குழந்தைகளை அழைத்து வரக் கூடாது’ என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லூச்சியா ஆன்ட்டி கைப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அதிலிருந்த எல்லாம் படியெங்கும் உருண்டன. ஊர் புதிது, மொழி தெரியாது, கணவருக்குக் காய்ச்சல், குழந்தை வந்து நான்கு நாள்தான் ஆகிறது. பாவமாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் மற்ற இரண்டு மாடிகளும் கீழே இறங்கிவிட்டன. லார்ஸ் அங்கிள் சாமான்களைப் பொறுக்கினார். விஷ்ணுவர்தன் அங்கிள் டாக்டரிடம் பேசக் கூடவே போனார். இங்ரிட் ஆன்ட்டி கன்னிகாவைத் தூக்கிக்கொண்டார். எல்லாரும் உதவி செய்தார்கள். சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே செய்தார்கள். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு நான்கு பேர் தனித்தனியாக இளநீர் கொண்டுபோனார்கள். பாவ்லோ அங்கிள் மரியாதைக்காக நான்கையும் குடித்தாராம்.

அதனால்தான் நான் அட்டவணை போட்டேன்.

பெரிய காகிதம், நான்கு வண்ணப் பேனா, அடிக்கோல். காலையில் கன்னிகாவுக்கு இங்ரிட் ஆன்ட்டி சாப்பாடு கொடுப்பார். மத்தியானம் அம்மாவும் நானும். மாலையில் வேதா ஆன்ட்டி. பகல் முழுக்க லூச்சியா ஆன்ட்டி ஆஸ்பத்திரியில். இளநீர், லார்ஸ் அங்கிள் மட்டும். மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன். எல்லாரும் வந்து படித்தார்கள். லார்ஸ் அங்கிள் அதைப் போனில் படம் பிடித்தார். ஆறரை அடி மனிதர் ஒருவர் என் கையெழுத்தைப் படம் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று எழுதிவிட்டு, பிறகு ‘கொஞ்சம்’ என்பதை அடித்தேன்.

அட்டவணை ஒரு நிமிடம் பிசகாமல் நடந்தது. கன்னிகா மட்டும் சாப்பிடவில்லை.

பால் குடித்தாள். நடந்துகொண்டே பிஸ்கட் தின்றாள். ஆனால் தட்டில் எதைப் போட்டு முன்னால் வைத்தாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

“அப்பறமா துன்றேன்” என்பாள்.

அந்த அப்பறம் வரவே வராது.

உணவு பிடிக்கவில்லை என்று முடிவு செய்தோம். இங்ரிட் ஆன்ட்டி தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த மீன்முட்டையை ரொட்டியில் தடவிக் கொடுத்தார். அது பற்பசை மாதிரி ட்யூபில் இருந்தது. கன்னிகா தொடவில்லை. பவன்குமார் தின்றான். தின்றுவிட்டு, ருசியாக இருந்ததென்று அடுத்ததாகப் பற்பசையையும் ஒரு கை பார்த்தான்.

வேதா ஆன்ட்டி கனடாவிலிருந்து கொண்டுவந்த இனிப்புப் பாகைத் தோசைமேல் ஊற்றிக் கொடுத்தார். பவன்குமார் தின்றான். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தார். மூன்றாவது மாடியில் எல்லா ஜன்னலும் படபடவென்று சாத்தப்பட்டன. அதையும் பவன்குமார்தான் தின்றான்.

எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். எந்த உணவு, என்ன நிறம், எவ்வளவு சூடு, எத்தனை வாய். எத்தனை வாய் என்ற கட்டத்தில் எப்போதும் சைபர்தான். சைபர் போட்டுப் போட்டு என் சைபர் மிக அழகாக வர ஆரம்பித்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் செய்யும் ஒரே வேலை, சமையலறைத் தட்டுகளை எல்லாம் எடுத்து வந்து தரையில் வரிசையாக வைப்பது. நான் அதை ரயில் விளையாட்டு என்று நினைத்தேன். கடைசித் தட்டுக்குப் பின்னால் நின்று, “கூ... ரேணிகுண்டா, ரேணிகுண்டா” என்று கூவினேன். கன்னிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். புரியாதவர்களை ஐந்து வயதுக் குழந்தைகள் பார்க்கிற பார்வை அது.

விளையாட்டு முடிந்ததும் தட்டுகளைக் கழுவி, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கிவைத்தேன். அடுத்த வேளை அவள் மறுபடியும் எடுத்து வைப்பாள். நான் மறுபடியும் அடுக்குவேன்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது. மூன்று மாடியிலும் கொசு. எல்லாரும் கீழே இறங்கி வந்து கார் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நைனா காரோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா டார்ச் வெளிச்சத்தில் தோசை சுட்டார். கும்மிருட்டு. யார் கை எது, யார் தோசை எது என்று தெரியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து கன்னிகாவின் குரல் கேட்டது.

“எல்லாத்துக்கும் வந்துச்சா?”

லார்ஸ் அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் யார் எது கேட்டாலும் ‘எஸ்’ என்பார். அப்போதும் “எஸ், எஸ்” என்றார்.

கரண்ட் வந்தபோது கன்னிகா மூன்றாவது தோசையை முடித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டதே. குழந்தைக்கு இருட்டுதான் பிடிக்கிறது. மறுநாள் மத்தியானம் முதல் மாடியில் ஜன்னல்களை எல்லாம் போர்வையால் மூடி, விளக்கை அணைத்து, நான் மட்டும் உள்ளே போய் அவள் முன்னால் தோசைத் தட்டை வைத்தேன். என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தபோது செருப்பு வைக்கும் பலகைமேல் வைத்திருந்தேன். தோசை அப்படியே இருந்தது. கன்னிகா கட்டிலுக்குப் போய்த் தூங்கிவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை எடை பார்த்தோம். வந்தபோது பதினைந்து கிலோ இருநூறு கிராம். இப்போது பதினான்கு அறுநூறு. பவன்குமாரையும் நிறுத்துப் பார்த்தேன். அவன் சரியாக அறுநூறு கிராம் கூடியிருந்தான்.

அன்று மாலை லூச்சியா ஆன்ட்டி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆறிப்போன ஒரு தட்டு. வேதா ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் என்ன என்று கேட்கலாமா வேண்டாமா என்று நான்கு படி ஏறி இரண்டு படி இறங்கினேன்.

வேதா ஆன்ட்டியே சொன்னார். “அவளுக்கு எங்களைப் பிடிக்கலை போல இருக்குன்னு சொல்றா, ரூபா. வெள்ளிக்கிழமை டாக்டர் திரும்ப வெயிட் பார்ப்பார். இன்னும் குறைஞ்சிருந்தா, குழந்தையைச் சித்தூர் விடுதியிலேயே கொண்டு விட்டுடலாமான்னு யோசிக்கறா. அங்கேயாவது சாப்பிடுவாளேன்னு.”

“மறுபடியும் வந்து கூட்டிக்கினு போவாங்களா ஆன்ட்டி?”

வேதா ஆன்ட்டி அதை ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டார். லூச்சியா ஆன்ட்டி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதல் மாடிக் கதவிடுக்கில் கன்னிகா நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு காலித் தட்டு.

அன்று நோட்டில் ஒரு வரி மட்டும் எழுதினேன். ‘வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.’ பிறகு எண்ணிப் பார்த்தேன். மூன்றரைதான்.

செவ்வாய்க்கிழமை நைனா சித்தூருக்குக் கிளம்பினார். கன்னிகா அந்த விடுதியில் தடுப்பூசி போட்டுக்கொண்ட புத்தகத்தை டாக்டர் கேட்டிருந்தார். நானும் ஏறிக்கொண்டேன். அங்கே அவள் என்ன சாப்பிட்டாள், என்ன நிறம், எவ்வளவு சூடு என்று கேட்டு எழுதிவந்துவிட வேண்டும் என்று ஒரு புதுப் பக்கத்தில் பதினான்கு கேள்வி எழுதிவைத்திருந்தேன். வழியில் பாகாலாவில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது பதினைந்தாவது கேள்வியையும் சேர்த்தேன்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. நைனா ஆபீஸ் அறைக்குப் போனார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தரையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இருபத்து மூன்று தட்டுகள். என்னுடைய ரயில் அங்கே நின்றுகொண்டிருந்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு குழந்தை. எல்லாருடைய கையும் மடியில். முதல் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. சமைக்கிறவர் ஒரு பெரிய குண்டானோடு வரிசையின் கடைசிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் பெயர் சென்னம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“அக்கா, இவங்கல்லாம் ஏன் துன்னாம குந்திக்கினு இருக்காங்க?” என்று கேட்டேன்.

“கடைசித் தட்டுல இன்னும் சோறு விழல இல்ல? விழாம ஒருத்தியும் கை வெக்க மாட்டா.” அவர் கடைசியாக ஒரு தட்டைத் தனக்கும் வைத்து, அதிலும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “என் தட்டும் சேத்துதான். நான் அப்பறம் துன்றேன்னா உடுதுங்களா இதுங்க?”

ஒரு சிறுமி எழுந்து வரிசை முழுக்க நடந்து ஒவ்வொரு தட்டையும் பார்த்தாள். பிறகு, “ம், துன்னுங்க” என்றாள். அத்தனை கையும் ஒன்றாகத் தட்டில் இறங்கின.

“முன்ன இந்த வேல கன்னிகாவுது” என்றார் சென்னம்மா. “போலீஸ் கணக்கா வரும். ஒரு தட்டு காலியா இருந்தா போதும், அத்தினி பேரையும் நிறுத்தி வெச்சிடும். ஆமா, அங்க நல்லா துன்னுதா அது?”

நான் நோட்டை மூடிவிட்டேன். என் பதினைந்து கேள்விகளையும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரிலேயே நோட்டைத் திறந்தேன். உணவு, நிறம், சூடு, வாய் என்று இருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். எத்தனை தட்டு?

முதல் நான்கு நாள்: லூச்சியா ஆன்ட்டி, பாவ்லோ அங்கிள், கன்னிகா என்று மூன்று தட்டு. நன்றாகச் சாப்பிட்டாள்.

வியாழன் முதல்: ஒரு தட்டு. ஒரு தட்டு. ஒரு தட்டு.

இங்ரிட் ஆன்ட்டி தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஊட்டினார். வேதா ஆன்ட்டி தன் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் பிறகு சாப்பிட்டார். அம்மாவோ, “கொயந்த துன்னட்டும் மொதல்ல” என்பார். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அவளுக்கு மட்டும் சோறு போட்டுவிட்டு, எதிரில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற தட்டுகளில் சோறு விழும் என்று அவள் காத்திருந்தாள். விழவில்லை. அவளே தட்டுகளை எடுத்து வைத்துக் காட்டினாள். நான் கழுவி அடுக்கிவிட்டேன்.

கரண்ட் போன அன்று இருட்டில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அதனால் கேட்டாள். லார்ஸ் அங்கிள் ‘எஸ்’ என்றார். சாப்பிட்டாள்.

அப்படியானால், யாரும் யாரோடும் சேர்ந்து உட்காராதபடி செய்தது எது? நான்கு வண்ணப் பேனாவும் அடிக்கோலும்தான்.

நைனா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னாத்துக்கு அழுவுற?”

“அட்டவணை தப்பு நைனா. நான் போட்டது.”

முழுவதையும் சொன்னேன். அவர் பாகாலா வரை யோசித்தார். பிறகு, “காகிதம்தான. கிழிச்சிட்டாப் போச்சு” என்றார். கேட் மறுபடியும் மூடியிருந்தது. இந்த முறை எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தார்.

அன்று மாலையே அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்தேன். லார்ஸ் அங்கிள் மிகவும் வருத்தப்பட்டார். வேதா ஆன்ட்டியிடம் நான் எல்லாவற்றையும் சொல்ல, அவர் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். லூச்சியா ஆன்ட்டி என்னிடம் மெல்ல ஒன்று கேட்டார். ‘அப்படியானால் எங்களைப் பிடிக்காமல் இல்லையா?’ என்று கேட்பதாக வேதா ஆன்ட்டி சொன்னார். எனக்குத் தெரியவில்லை. நான் நினைப்பது தவறாகக்கூட இருக்கலாம். அதைத்தான் சொன்னேன். நாளை மத்தியானம் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

புதன்கிழமை மத்தியானம் நைனா ஆஸ்பத்திரிக்குப் போய் பாவ்லோ அங்கிளுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டார். லூச்சியா ஆன்ட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் மாடிக் கூடத்தில் நான் பாயை விரித்து ஒன்பது தட்டு வைத்தேன். லூச்சியா ஆன்ட்டி, இங்ரிட் ஆன்ட்டி, லார்ஸ் அங்கிள், பவன்குமார், விஷ்ணுவர்தன் அங்கிள், வேதா ஆன்ட்டி, அம்மா, நான், கன்னிகா. கனடாக் குழந்தைக்குப் பல் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வரிசையைப் பார்த்ததும் கன்னிகாவின் கண் பெரிதானது. ஓடிவந்து முதலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அம்மா சாம்பார் சாதம் பரிமாறினார். வெங்காயம் இல்லை, மூன்றாவது மாடிக்காக. மிளகாய் பாதி, எல்லாருக்காகவும். அப்பளம் வைத்தார். லார்ஸ் அங்கிளுக்குத் தரையில் உட்காரத் தெரியவில்லை. அவர் முழங்கால் ஒன்று இங்ரிட் ஆன்ட்டியின் தட்டுக்கு மேலே கூரை மாதிரி நின்றது. அந்தக் கஷ்டத்தில் அவர் கை தானாக அப்பளத்தின் பக்கம் போனது.

கன்னிகா அவர் எதிரில் போய் நின்றாள். அங்கிள் அப்பளத்தைத் திரும்ப வைத்துவிட்டார். அவர் உட்கார்ந்து, அவள் நின்ற நிலையில் இருவரும் ஒரே உயரம்.

அவள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் தட்டு காலியாக இருந்தது.

“நான் அப்பறம் துன்றேன் கண்ணு” என்றார் அம்மா.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அம்மா அந்த வீட்டில் மூன்று வருடமாகச் சமைக்கிறார். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. லூச்சியா ஆன்ட்டி எழுந்து அம்மாவின் தட்டில் சோறு போட்டார். குழிக்கரண்டியைத் திருப்பிப் பிடித்திருந்ததால் பாதி கீழே போனது.

ஒன்பது தட்டும் நிறைந்துவிட்டன. எல்லாரும் கன்னிகாவின் வாயைப் பார்த்தோம். பவன்குமாரின் வயிறு சத்தம் போட்டது.

கன்னிகா ‘துன்னுங்க’ என்று சொல்லவில்லை. திரும்பிச் சமையலறைக்குள் போனாள்.

தவறாகக் கணக்குப் போட்டுவிட்டேன். எல்லாரையும் தரையில் உட்கார வைத்து, லார்ஸ் அங்கிளை இப்படி மடக்கி வைத்து, ஒன்றும் நடக்கவில்லை. லூச்சியா ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

கன்னிகா திரும்பி வந்தாள். அவள் கையில் இன்னொரு தட்டு. அதை லூச்சியா ஆன்ட்டிக்குப் பக்கத்தில் வைத்து, வரிசை கோணாமல் நகர்த்தினாள்.

“இது யாருக்கு கன்னிகா?” என்று கேட்டேன்.

மறுபடியும் அந்தப் பார்வை பார்த்தாள்.

“நைனாவுக்கு.”

வேதா ஆன்ட்டி லூச்சியா ஆன்ட்டியின் காதில் அது என்ன சொல் என்று சொன்னார். ஆன்ட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று உறுதியாக எழுத முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவளுடைய நைனா, பாவ்லோ அங்கிள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாரே. அவர் வர இன்னும் இரண்டு நாளாவது ஆகும். அதுவரை சாம்பார் சாதம் தாங்காது. பவன்குமாரும் தாங்க மாட்டான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேதா ஆன்ட்டியின் போனை வாங்கி, என் நைனாவுக்கு வீடியோ கால் போட்டேன். முதலில் ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு என் நைனாவின் காது தெரிந்தது. நைனாவுக்கு வீடியோ காலிலும் போனைக் காதில் வைத்துத்தான் பேச வரும்.

“போனைத் திருப்பு நைனா. பாவ்லோ அங்கிளுக்குச் சாப்பாடு வந்துச்சா?”

“இப்பத்தான் கஞ்சி குடுத்துட்டுப் போனாங்க. இன்னாத்துக்கு?”

போனைப் பத்தாவது தட்டுக்குப் பின்னால், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். பாவ்லோ அங்கிள் தெரிந்தார். முகம் மெலிந்து, தாடி வளர்ந்து, தலையணையில் சாய்ந்திருந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்ததும் ஒன்றும் புரியாமல் கையை ஆட்டினார்.

கன்னிகா போனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“நைனா. கிண்ணத்தக் காட்டு.”

பாவ்லோ அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ‘நைனா’ என்று அவள் கூப்பிட்டது தன்னைத்தான் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என் நைனா அவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, காட்டச் சொல்லி ஜாடை செய்தார். அங்கிள் கிண்ணத்தைப் போனுக்கு நேராகச் சாய்த்தார். கொஞ்சம் கஞ்சி படுக்கையில் கொட்டியது. கன்னிகா எட்டிப் பார்த்து, நிறைந்திருக்கிறது என்று திருப்தியானாள்.

“உங்க கையில இன்னா?” என்று என் நைனாவையும் கேட்டாள்.

என் நைனா சட்டைப் பையிலிருந்து அவசரமாக ஒரு பன்னை எடுத்துக் காட்டினார்.

கன்னிகா தன் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள், அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

“ம், துன்னுங்க.”

அத்தனை கையும் ஒன்றாகத் தட்டில் இறங்கின. லார்ஸ் அங்கிளின் அப்பளம் உடைந்த சத்தம் ஆஸ்பத்திரி வரை கேட்டதாம்.

லூச்சியா ஆன்ட்டி சித்தூர் விடுதிக்குப் போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் நிறுத்துப் பார்த்தபோது கன்னிகா பதினான்கு கிலோ தொள்ளாயிரம் இருந்தாள். டாக்டர் பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பாவ்லோ அங்கிள் வீட்டுக்கு வந்து பத்தாவது தட்டுக்கு முன்னால் நேரிலேயே உட்கார்ந்தார். அவரை வரவேற்க வேகமாக வந்த லார்ஸ் அங்கிள் எங்கள் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். பத்தா, பதினொன்றா என்பது இன்னும் தீரவில்லை.

விடுமுறை முடிந்து பத்மாசனி டீச்சர் என் நோட்டைத் திருத்தினார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதே, புதன்கிழமை மத்தியானம் ‘எத்தனை வாய்’ என்ற இடம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

எண்ண மறந்துவிட்டேன். நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.